கதிரொளியும் பொன்துகளும்

நுழையும்முன்

சாயக் கழிவைச் சிதைக்கும் வல்லமை ஒரு வெள்ளைப் பொடிக்கு உண்டு. அதற்குத் துணையாக ஒளி மட்டும் இருந்தால் போதும். ஆனால், அந்தப் பொடி சூரிய ஒளியில் மிகச் சிறிய பகுதியையே ஏற்கிறது. எஞ்சிய ஒளியையும் பயன்படுத்துவதற்காக அறிவியலாளர்கள் பொன், வெள்ளி ஆகிய உலோகங்களின் துணையை நாடினர். அம்முயற்சியின் அடிப்படையையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

சாயம் கலந்த நீர்

துணிக்கு அழகு தருவது நிறம். அந்நிறம் வெயிலில் மங்கக்கூடாது; துவைத்தாலும் போகக்கூடாது என்பதே உடுத்துவோரின் விருப்பம். அதற்கேற்பவே இன்றைய செயற்கைச் சாயங்கள் உருவாக்கப்படுகின்றன. துணியில் நன்மையாக இருக்கும் இந்த உறுதியே நீரில் தீமையாகிறது. சாயமேற்றும்போது துணியில் ஒட்டாத சாயம் கழிவுநீருடன் வெளியேறுகிறது. எளிதில் சிதையாத அச்சாயம் ஆற்றிலும் குளத்திலும் நெடுநாள் தங்குகிறது. நிறமேறிய நீருக்குள் கதிரொளி ஆழமாகப் புகுவதில்லை. அதனால் நீர்த்தாவரங்களின் ஒளிச்சேர்க்கை குறைகிறது. அவற்றை நம்பி வாழும் உயிர்களும் நலிகின்றன.

குசராத்தின் சூரத், அரியானாவின் பானிப்பட், இராசத்தானின் பாலி, தமிழ்நாட்டின் திருப்பூர் எனத் துணித்தொழில் செழித்த நகரங்கள் பலவும் இச்சிக்கலைச் சந்தித்துள்ளன. திருப்பூர் வழியாகப் பாயும் நொய்யல் ஆறு சாயக்கழிவால் சீர்கெட்டது. ஆற்றில் கழிவுநீர் விடுவதை முற்றிலும் நிறுத்தும்வரை அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடி வைக்குமாறு 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றைக் காக்க வேண்டும். பல்லாயிரம் தொழிலாளர்களின் வாழ்வையும் காக்க வேண்டும் என்னும் இரு தேவைகளும் ஒருங்கே எழுந்தன.

கழிவுநீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் முறை இன்று நடைமுறையில் உள்ளது. இம்முறையில் நீர் மீட்கப்படுகிறது. ஆனால், அதற்கு மின்னாற்றல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. உப்பும் கசடும் எஞ்சுகின்றன. வடிகட்டுதல், சாயத்தை நீரிலிருந்து பிரிக்கிறதே தவிர, அதனை அழிப்பதில்லை. சாய மூலக்கூற்றையே சிதைக்க இயலுமா? விலையின்றிக் கிடைக்கும் சூரிய ஒளியை அதற்குப் பயன்படுத்த இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் துறைகளுள் ஒன்றே ஒளிவினையூக்கம் ஆகும்.

ஒளிவினையூக்கி என்பது யாது?

ஒரு வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் தீர்ந்துபோகாமல் நிற்கும் பொருள் வினையூக்கி எனப்படும். ஒளி பட்டால் மட்டுமே இவ்வாறு செயற்படும் பொருள் ஒளிவினையூக்கி எனப்படும். அவற்றுள் புகழ்பெற்றது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணப்பூச்சு, வெண்மையான நெகிழிப் பொருள்கள் முதலியவற்றிற்கு வெண்மை தருவது இப்பொடியே ஆகும்.

இப்பொடி கலந்த பழைய வண்ணப்பூச்சு, வெயில் படும் இடங்களில் நாளடைவில் தூளாக உதிர்வதை மக்கள் முன்பே கண்டிருந்தனர். ஒளி பட்டவுடன் அப்பொடி தன்னைச் சூழ்ந்திருந்த பசைப்பொருளைச் சிதைத்ததே அதற்குக் காரணம். தீமையாகத் தோன்றிய இப்பண்பே பின்னர் நன்மைக்குப் பயன்பட்டது. சப்பானைச் சேர்ந்த அகிரா ஃபுஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா ஆகிய இருவரும் நீருக்குள் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாய் ஒன்றையும் பிளாட்டின மின்வாய் ஒன்றையும் வைத்து, முன்னதன்மீது ஒளியைச் செலுத்தினர். நீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்தது. 1972ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, ஒளிவினையூக்கத்தின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியது. தாமே அழுக்கு நீக்கும் கண்ணாடிகளும் ஓடுகளும் பின்னாளில் உருவாயின. 2003ஆம் ஆண்டு உரோம் நகரில் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்சுவர்களிலும் இப்பொடி கலந்த சிமெண்டே பயன்படுத்தப்பட்டது.

இப்பொடி எவ்வாறு செயற்படுகிறது? டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன் எலக்ட்ரான்கள் இயல்பாகத் தாழ்ந்த ஆற்றல்நிலையில் அமைந்துள்ளன. போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால், ஓர் எலக்ட்ரான் உயர்ந்த நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் ‘துளை’ எனப்படும். மேலே சென்ற எலக்ட்ரான், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுடன் சேர்கிறது. கீழே உள்ள துளை, தன் வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ள அருகிலுள்ள நீரிலிருந்தோ சாயத்திலிருந்தோ எலக்ட்ரானைப் பறிக்கிறது. இவற்றின் விளைவாக ஹைட்ராக்சில் முதலிய தனி உறுப்புகள் உண்டாகின்றன. வினைபுரிவதில் மிகுந்த வேகமுடைய இவை, சாய மூலக்கூற்றைப் படிப்படியாக உடைக்கின்றன. வினை முழுமை பெற்றால், சாயத்திலிருந்த கார்பன் கார்பன் டை ஆக்சைடாகவும் ஹைட்ரஜன் நீராகவும் மாறுகின்றன.

வெண்மை காட்டும் குறை

இத்துணை ஆற்றலுள்ள பொடியைக் கழிவுநீரில் இட்டு வெயிலில் வைத்தால் போதாதா என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை, பொடியின் நிறத்திலேயே உள்ளது. ஒரு பொருள் வெண்மையாகத் தோன்றுவது ஏன்? தன்மீது விழும் எல்லா நிற ஒளியையும் அது திருப்பி அனுப்புவதாலேயே வெண்மையாகத் தோன்றுகிறது. எனவே, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை இப்பொடி பயன்படுத்துவதில்லை என்பதற்கு அதன் வெண்மையே சான்றாகும்.

இதன் காரணத்தை எண்களால் அறியலாம். மிகச் சிறிய ஆற்றல்களை அளக்கும் அலகு எலக்ட்ரான் வோல்ட். டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேசு என்னும் வகையில், எலக்ட்ரான் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளி ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். ஒளி, ஃபோட்டான் என்னும் சிறுசிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் ஏறக்குறைய 1.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும், பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானில் ஏறக்குறைய 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் உள்ளன. 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிருக்கே 3.2 எலக்ட்ரான் வோல்ட் தாண்டும் ஆற்றல் உண்டு.

ஒளியின் அளவைக் கூட்டினால் இக்குறை தீருமா? தீராது. மூன்றடி உயரச் சுவரின்மீது ஏற வேண்டிய ஒருவர், இரண்டடி உயரமே குதிக்க வல்லவர் எனில், நூறு முறை குதித்தாலும் சுவரின்மீது ஏற முடியாது. அதுபோலவே, பச்சை ஒளியை எவ்வளவு மிகுதியாகச் செலுத்தினாலும் டைட்டானியம் டை ஆக்சைடின் எலக்ட்ரான் மேல்நிலைக்குச் செல்வதில்லை. நிலத்தை அடையும் சூரிய ஆற்றலில் புறஊதாக் கதிரின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடே ஆகும். கட்புலனாகும் ஒளியின் பங்கோ 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது. பெரும்பங்கு ஒளி இவ்வாறு வீணாகிறது.

சிவந்த பொன்

இக்குறையை நீக்க உதவும் பொருள், பொன்னின் மிக நுண்ணிய துகள். ஒரு மீட்டரை நூறு கோடி பகுதிகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பகுதி நானோமீட்டர் ஆகும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 100 நானோமீட்டருக்கும் குறைந்த அளவுடைய துகள்கள் நானோ துகள்கள் எனப்படும். பொன்னை 10 அல்லது 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி நீரில் கலந்தால், அந்நீர் மஞ்சளாகத் தோன்றுவதில்லை. மாதுளைச் சாறுபோலச் சிவந்து தோன்றும்.

இவ்வியப்பைப் பண்டைக் கைவினைஞர், காரணம் அறியாமலேயே பயன்படுத்தினர். உரோமானியர் கி.பி. நான்காம் நூற்றாண்டில் செய்த லைகர்கசு கிண்ணம் இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. வெளியிலிருந்து ஒளி பட்டால் அது பச்சையாகத் தோன்றும். உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகத் தோன்றும். அதன் கண்ணாடியில் கலந்துள்ள பொன், வெள்ளி நானோ துகள்களே இதற்குக் காரணம். 1857ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே, பொன் துகள்கள் மிதக்கும் சிவந்த நீர்மத்தை உருவாக்கி ஆராய்ந்தார். அந்நிறத்திற்கான கணித விளக்கத்தை 1908ஆம் ஆண்டு செருமானிய அறிவியலாளர் குசுடாவ் மீ வெளியிட்டார்.

உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரிகின்றன. ஒளியலை பட்டால், நானோ துகளிலுள்ள எலக்ட்ரான் கூட்டம் முழுவதும் ஒருங்கே முன்னும் பின்னும் அசைகிறது. ஊஞ்சலை அதன் போக்கிற்கேற்ற நேரத்தில் தள்ளினால், சிறு தள்ளலிலும் அது உயர்ந்து ஆடும்; நேரம் தவறித் தள்ளினால் ஆட்டம் தடைபடும். அதுபோல, எலக்ட்ரான் கூட்டத்தின் இயல்பான அசைவோடு ஒளியின் அதிர்வு பொருந்தினால், அசைவு பெரிதாகிறது. ஒளி மிகுதியாக உட்கவரப்படுகிறது. இந்நிகழ்வு பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு எனப்படும். நீரில் மிதக்கும் பொன் நானோ துகளுக்கு இப்பொருத்தம் ஏறக்குறைய 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியில் அமைகிறது. பச்சை உட்கவரப்படுவதால் எஞ்சிய ஒளி சிவப்பாகத் தெரிகிறது. வெள்ளித் துகளுக்கு அது ஏறக்குறைய 400 நானோமீட்டரில் அமைவதால், வெள்ளித் துகள் கலந்த நீர் மஞ்சளாகத் தெரிகிறது.

வெள்ளைப் பொடி கைவிட்ட ஒளியைப் பொன்துகள் கைக்கொள்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இரண்டும் இணைந்தபோது

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யாங் தியன், டெட்சு டட்சுமா ஆகிய இருவரும் நுண்துளைகள் நிறைந்த டைட்டானியம் டை ஆக்சைடு படலத்தில் பொன் நானோ துகள்களைப் பதித்தனர். அதன்மீது கட்புலனாகும் ஒளியைச் செலுத்தியபோது மின்னோட்டம் உண்டானது. மெத்தனால், எத்தனால் ஆகிய சேர்மங்களை அப்படலம் கட்புலனாகும் ஒளியிலேயே ஆக்சிஜனேற்றம் செய்வதும் தெரிந்தது. இவ்வாய்வு 2005ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது.

இங்கு நிகழ்வது யாது? பொன்துகள் ஒளியை உட்கவர்ந்ததும் அதன் எலக்ட்ரான்களுள் சில மிகுந்த ஆற்றல் பெறுகின்றன. அவை பொன்னிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தாவுகின்றன. இவ்விரு பொருள்களும் சந்திக்கும் இடத்தில் உள்ள தடையின் உயரம் ஏறக்குறைய 1 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. முன்னர்க் கூறிய சுவரின் உயரம் குறையவில்லை. ஆனால், சுவரை ஒட்டி இரண்டடி உயரத் திண்ணை ஒன்று அமைந்தால், அதன்மேல் நிற்பவர் எஞ்சிய ஓரடியைத் தாண்டினால் போதும். பொன்துகள் அத்தகைய திண்ணையாகிறது. எனவே, 2.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பச்சை ஒளியும் இங்குப் பயன்படுகிறது.

பொன்னிலிருந்து சென்ற எலக்ட்ரானுக்கு ஈடாக வேறோர் எலக்ட்ரான் பொன்னுக்கு வந்துசேர வேண்டும். இல்லையேல், இச்செயல் விரைவில் நின்றுவிடும். நீரில் உள்ள மாசுப்பொருளே அந்த எலக்ட்ரானைத் தந்து, தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சென்ற எலக்ட்ரானை ஆக்சிஜன் ஏற்கிறது. இவ்வாறு வரவும் செலவும் சமமாகும்போதே வினை தொடர்ந்து நிகழ்கிறது.

இச்செயலுக்குப் பொன்னே காரணம் என்பதை எவ்வாறு உறுதிசெய்தனர்? வெவ்வேறு நிற ஒளியைத் தனித்தனியே செலுத்தி, ஒவ்வொன்றிலும் உண்டான மின்னோட்டத்தை அளந்தனர். பொன்துகள் எந்த நிற ஒளியை மிகுதியாக உட்கவர்ந்ததோ அந்த நிற ஒளியிலேயே மின்னோட்டமும் மிகுந்தது. பொன் ஏற்காத நிறத்தில் மின்னோட்டமும் குறைந்தது. ஊகத்தைச் சான்றால் நிறுவுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எலக்ட்ரான் தாவும் விரைவும் வியப்பிற்குரியது. அது 240 ஃபெம்டோ நொடிக்குள் நிகழ்ந்துவிடுவதாக 2007ஆம் ஆண்டு சப்பானிய ஆய்வாளர்கள் அளந்து கூறினர். ஒரு நொடியை நூறு கோடி பகுதிகளாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் பத்து இலட்சம் பகுதிகளாக்கினால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோ நொடி.

தீராத சிக்கல்கள்

பொன்துகள் காட்டிய வழியில் இன்னும் கடக்க வேண்டிய தடைகள் உள்ளன. முதலாவது, ஆற்றல் பெற்ற எலக்ட்ரான்களுள் பெரும்பாலானவை தடையைத் தாண்டும் முன்பே தம் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. இரண்டாவது, எலக்ட்ரான் திண்ணையிலிருந்து புறப்படுவதால், அது விட்டுச்செல்லும் வெற்றிடமும் திண்ணையின் உயரத்திலேயே அமைகிறது. பொடியின் ஆழத்தில் உண்டாகும் துளையைப் போல அது எலக்ட்ரானை வலிந்து பறிக்க வல்லதன்று. ஆகவே, எளிதில் எலக்ட்ரானைத் தரும் பொருள்களை அது விரைவாகச் சிதைக்கிறது. உறுதிமிக்க மாசுகளைச் சிதைப்பதில் பின்தங்குகிறது. தாண்டும் உயரம் குறைந்ததற்கு ஈடாகத் தாக்கும் வலிமையும் குறைகிறது.

மூன்றாவது, பொன் விலைமிக்கது. அதனினும் மலிவான வெள்ளியோ ஆக்சிஜனேற்றம் அடைந்து தன் இயல்பை இழக்கிறது. இதனைத் தடுக்க 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், வெள்ளித் துகள்களின்மேல் சிலிக்கா உறையை அமைத்துப் பின்னர் டைட்டானியம் டை ஆக்சைடுடன் இணைத்தனர். உறை தடிமனாக இருந்தால் வெள்ளியின் பயன் பொடியை எட்டாது. மெலிதாக இருந்தால் பாதுகாப்பு குறையும். நான்காவது, கலங்கிய கழிவுநீருக்குள் ஒளி நெடுந்தொலைவு செல்வதில்லை. நீரில் இட்ட நுண்பொடியை மீட்பதும் எளிதன்று. இக்காரணங்களால் சாயக்கழிவைத் தூய்மையாக்கும் இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே உள்ளது.

நிறம் மறைந்தால் மாசு மறைந்ததா?

ஒளிவினையூக்கியைச் சோதிக்க, மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை ஆய்வாளர்கள் அடிக்கடி பயன்படுத்துகின்றனர். நீல நிறம் மறைந்தால் வினையூக்கி செயற்பட்டது என்று முடிவுசெய்யத் தோன்றும். ஆனால், அம்முடிவு பிழையாகவும் அமையலாம். சாயம் பொடியின்மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டாலும் நீர் தெளிந்து தோன்றும். சாயமும் கட்புலனாகும் ஒளியை உட்கவர்வதால், பொன்துகளின் உதவியின்றித் தானே வினைபுரியவும் கூடும். நிறம் தரும் பகுதி மட்டும் உடைந்து, எஞ்சிய பகுதி நிறமற்ற மாசாக நீரிலேயே தங்கவும் கூடும்.

ஆதலின், கவனமுள்ள ஆய்வாளர்கள் முதலில் இருளில் வைத்துச் சோதிக்கின்றனர். பொன்துகள் இல்லாத பொடியைக் கொண்டும் சோதிக்கின்றனர். நிறமற்ற சேர்மங்களையும் பயன்படுத்துகின்றனர். நீரில் எஞ்சியுள்ள கரிமக் கார்பனின் அளவையும் அளக்கின்றனர். ஆற்றங்கரையில் வாழ்வோர்க்குத் தேவை தெளிந்து தோன்றும் நீர் மட்டுமன்று. உண்மையிலேயே தூய்மையான நீர். அந்நீரைத் தரும் முறையே பயனுள்ள முறையாகும். பொன்துகளோ வேறெந்தப் புதிய பொருளோ, இச்சோதனைகளைக் கடந்த பின்னரே ஆய்வுக்கூடத்திலிருந்து ஆற்றங்கரைக்கு வர இயலும்.

அருஞ்சொற்பொருள்

விழுக்காடு – சதவீதம்
கசடு – நீரின் அடியில் தங்கும் கழிவு
நலிதல் – மெலிதல், வலிமை இழத்தல்
கட்புலனாகும் ஒளி – கண்ணால் காணக்கூடிய ஒளி
திண்ணை – வீட்டின் முன்புறத்தில் அமர்வதற்காகக் கட்டப்படும் மேடை
ஊகம் – சான்று கிடைக்கும் முன் கருதும் கருத்து
நிறுவுதல் – சான்றுடன் உறுதிசெய்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வினையூக்கி என்றால் என்ன?
2. டைட்டானியம் டை ஆக்சைடின் வெண்மை எதற்குச் சான்றாகிறது?
3. பொன் நானோ துகள் கலந்த நீர் சிவப்பாகத் தெரிவது ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. சுவர், திண்ணை ஆகிய உவமைகள் எவற்றை விளக்குகின்றன?
2. மின்னோட்டம் உண்டாகப் பொன்துகளே காரணம் என்பதை ஆய்வாளர்கள் எவ்வாறு உறுதிசெய்தனர்?
3. நிறம் மறைவதை மட்டும் கொண்டு நீர் தூய்மையானது என்று கூற இயலாதது ஏன்?

இ. பிரித்து எழுதுக.
கதிரொளி, வெண்சுவர், நீர்த்தாவரம், பொருளில்லை

ஈ. செயல்பாடு
ஒரே நிறத் துணித்துண்டு ஒன்றின் பாதியைக் கெட்டியான அட்டையால் மூடி, இரண்டு வாரம் வெயிலில் வைக்க. இரு பகுதிகளையும் ஒப்பிட்டு, கண்ட மாற்றத்தைத் தமிழில் எட்டுத் தொடர்களில் எழுதுக. அதில் இடம்பெறும் நிறப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு அறிக.